பிரவுசரில் ஒருமுறை திறந்த பக்கங்களை, இணையம் இல்லாத மற்ற கணினிகளுக்குக் கொடுக்க முடியுமா?

மலைப்பள்ளி (கேள்வி)

வணக்கம். வால்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட் ஒன்றில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வருகிறார்கள். லைன் வீடுகளுக்கு நடுவே பழைய ரேஷன் கடையாக இருந்த அறைதான் வகுப்பு. கோயம்புத்தூரில் ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய ஆறு டெஸ்க்டாப்புகள் எங்களுக்குக் கிடைத்திருக்கின்றன. எல்லாம் விண்டோஸ் 7, இரண்டு ஜிபி நினைவகம். மின்சாரம் இருக்கும்போது நன்றாகவே ஓடுகின்றன.

இணையம் கிடையாது. கேபிள் இழுக்க வருவதாகச் சொன்னவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதோடு சரி. செல்போன் சிக்னல் வேண்டுமானால் மேலே மாரியம்மன் கோயில் திட்டுக்கு ஏற வேண்டும். ஆறு மணிக்கு மேல் சிறுத்தைக்குப் பயந்து யாரும் அங்கே போவதில்லை.

வார இறுதியில் பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்குப் போவேன். அங்கே இணைப்பு நன்றாக இருக்கிறது. பாடத்துக்கு வேண்டிய பக்கங்களை என் லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருகிறேன். மேலே வந்து லேப்டாப்பைத் திறந்தால் சில பக்கங்கள் இணையம் இல்லாமலே அப்படியே தெரிகின்றன, சில தெரிவதில்லை. எது தெரியும் எது தெரியாது என்பதற்கு ஒரு கணக்கும் பிடிபடவில்லை. ஒரே லேப்டாப்பை முப்பது தலைகள் சூழ்ந்து நின்று பார்ப்பதும் நடக்கிற காரியம் இல்லை.

பக்கத்தைச் சேமி என்று கொடுத்து, பென் டிரைவில் ஏற்றி ஆறு கணினிகளிலும் போட்டுப் பார்த்தேன். எழுத்து வருகிறது. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம். "மேலும் படிக்க" என்ற பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு பெண் அது நிற்கும் என்று வகுப்பு முடியும்வரை காத்திருந்தாள்.

என் லேப்டாப்பின் பிரவுசர் ஏற்கெனவே இழுத்து வைத்திருக்கிற பக்கங்களை மற்ற ஆறும் பார்க்கும்படி செய்ய வழி உண்டா? அந்தக் கேஷ் ஃபோல்டரையே காப்பி எடுத்துப் போட்டால் போதுமா?

குளக்கரை

ஒரு நான்கு ஜி டாங்கிள் வாங்கிச் செருகுங்கள். இந்தக் காலத்தில் இணையம் இல்லாத ஊர் ஏது?

மலைப்பள்ளி

ஐயா, டாங்கிளும் அதே டவரைத்தான் தேட வேண்டும். வகுப்பைக் கோயில் திட்டுக்கு மாற்றச் சொன்னால் எஸ்டேட் மேனேஜரைவிடச் சிறுத்தைதான் முதலில் ஆட்சேபிக்கும்.

பழைய மோடம்

டீச்சரம்மா, உங்கள் யோசனையில் தப்பே இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்திருப்பேன்.

பாளையங்கோட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன் நான். எட்டுக் கணினிகளுக்கு ஒரே டயல்-அப் மோடம், அதுவும் காகிதத்தில்தான் 56 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் எட்டுப் பேரை உட்கார வைத்து மணிக்கணக்கில் காசு வாங்க முடிந்ததற்குக் காரணம் ஸ்குவிட் என்ற ப்ராக்ஸி. 1996-லிருந்து இருக்கிற இலவச மென்பொருள். ஒருவர் திறந்த பக்கத்தை அது தன் ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதையே கேட்டால் மோடத்தைத் தொந்தரவு செய்யாமல் உள்ளேயிருந்தே எடுத்துக் கொடுக்கும். பிளஸ் டூ ரிசல்ட் நாளில்தான் அதன் அருமை தெரியும். ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் மதிப்பெண் வேறு. ஆனால் பக்கத்தின் தலைப்பில் இருக்கும் முத்திரையும் வண்ணப் பட்டைகளும் எல்லாருக்கும் ஒன்றுதானே? அவை எங்கள் டிஸ்கிலிருந்து போகும், மோடம் மதிப்பெண்ணை மட்டும் இழுக்கும். பக்கத்துத் தெருக் கடையில் ஒரு ரிசல்ட் வருவதற்குள் என் கடையில் நான்கு பேர் அழுதோ சிரித்தோ கிளம்பியிருப்பார்கள்.

உங்களுக்கு இன்னும் பொருத்தமான ஒன்றும் இருந்தது. டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆஃப்லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர் ஏறக்குறைய அதுதான். லைன் இல்லாத நேரத்தில் சேமித்த பக்கங்களைக் காட்டும். சேமிக்காத இணைப்பை யாராவது அழுத்தினால் "இல்லை" என்று முகத்தில் அடிக்காமல், கேட்டதைக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை மோடம் இணைந்ததும் குறித்தவற்றை எல்லாம் மொத்தமாக இழுத்து வந்துவிடும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலேயே ஃபைல் மெனுவில் "ஆஃப்லைனில் வேலை செய்" என்று ஒரு வரி இருந்தது, நினைவிருக்கிறதா?

இவையெல்லாம் இன்றைக்கு ஏன் செல்லாது என்றால், எச்டிடிபிஎஸ், அதாவது பக்கங்களைப் பூட்டி அனுப்பும் முறை. அன்றைக்குப் பக்கங்கள் அஞ்சலட்டை மாதிரி வந்தன. வழியில் நிற்கிற என் ப்ராக்ஸி படிக்கலாம், நகல் எடுத்து வைக்கலாம். இன்றைக்கு ஒட்டிய உறைக்குள் வருகின்றன. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு வந்து, உறை ஒட்டத் தளங்களுக்கு வேண்டிய சான்றிதழை இலவசமாக்கியது. 2018 ஜூலையில் குரோம் 68, உறை இல்லாத தளங்களைப் பார்த்துப் "பாதுகாப்பற்றது" என்று எழுதத் தொடங்கியது. அதற்குப் பிறகு திறந்த தளங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஸ்குவிடுக்கு இப்போது தெரிவதெல்லாம் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பது மட்டும். உறையைப் பிரித்து மறுபடி ஒட்டும் வித்தையும் ஸ்குவிடில் இருக்கிறது. அதற்கு நீங்களே ஒரு சான்றிதழ் தயாரித்து ஒவ்வொரு கணினியையும் அதை நம்பச் செய்ய வேண்டும். பிள்ளைகளின் பாஸ்வேர்டு முதற்கொண்டு உங்கள் கைக்கு வந்துவிடும். வேண்டாத வம்பு.

கேஷ் ஃபோல்டரைக் காப்பி எடுப்பதும் நடக்காது. உள்ளே திறந்து பார்த்தால் பக்கத்தின் பெயரோ படத்தின் பெயரோ இருக்காது, குறியீட்டுப் பெயர்களில் துண்டு துண்டாகக் கிடக்கும். 2020-இல் வந்த குரோம் 86-லிருந்து இன்னொரு மாற்றம். ஒரே படமாக இருந்தாலும், எந்தத் தளத்துக்குள் இருந்துகொண்டு அதைப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துத் தனித்தனியாகப் பூட்டி வைக்கிறார்கள். ஒரு தளம் இன்னொரு தளத்தில் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று மோப்பம் பிடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. நியாயமானதுதான், ஆனால் பகிர்வதற்கு உதவாது.

சில பக்கம் தெரிகிறது, சில தெரியவில்லை என்றீர்களே, அதற்கும் கணக்கு உண்டு. எதை வைத்துக்கொள்ளலாம், எத்தனை நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு தளமும் பக்கத்தோடு சேர்த்து ஒரு சீட்டு அனுப்புகிறது. "சேமிக்காதே" என்று அந்தச் சீட்டில் இருந்தால் பிரவுசர் சேமிக்காது. இன்னும் சில தளங்கள் முதலில் வெறும் கூட்டை அனுப்பிவிட்டு, உள்ளே இருக்க வேண்டியதைப் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் மூலம் கேட்டு வாங்கி நிரப்புகின்றன. உங்கள் வகுப்புப் பெண் காத்திருந்த வட்டம் அதுதான். கேட்டு வாங்க இணைப்பு பொள்ளாச்சியில் இருந்தது, மலையில் இல்லை.

இப்போதைக்கு என்ன செய்யலாம் என்பதைக் களத்தில் இருக்கும் யாராவது சொல்லட்டும். நான் கடையை மூடி ஜெராக்ஸ் கடை வைத்துவிட்டேன்.

கேபிள்காரி

டீச்சர், நான் சேலத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் பள்ளிகளுக்குக் கேபிள் போட்டுக் கொடுத்ததில், நீங்கள் கேட்பதை ஏறக்குறைய அப்படியே செய்திருக்கிறேன். மேலே பெரியவர் சொன்னது சரி. பிரவுசர் தனக்காகச் சேர்த்து வைத்ததைப் பிடுங்க முயல வேண்டாம். எடுத்துப் போவதற்கென்றே கட்டி வைத்த பொதிகள் இருக்கின்றன, அவற்றை எடுத்துப் போங்கள்.

கிவிக்ஸ் என்று ஒரு மென்பொருள். 2007-இல் தொடங்கியது, இலவசம், கட்டற்றது. விக்கிப்பீடியா முழுவதையும் படங்களோடு ஜிம் என்ற வகைக் கோப்பாகச் சுருக்கி வைத்திருப்பார்கள். ஒரு விக்கிக்கு ஒரு கோப்பு. தேடுவதற்கான அட்டவணையும் அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். அத்தனையும் ஒரு சாதாரணப் பென் டிரைவில் அடங்கும். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு வேண்டுமென்றால் 100 ஜிபிக்கு மேல் போகும். அது உங்களுக்கு வேண்டாம். எளிய ஆங்கில விக்கிப்பீடியா என்று ஒன்று உண்டு, சில ஜிபிதான், பத்தாம் வகுப்புக்கு அதன் மொழி ஒத்துவரும். பொள்ளாச்சியில் டவுன்லோடு செய்யும்போது டாரன்ட் வழியாக, அதாவது பல இடங்களிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறையில், எடுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், கோப்பு சரியாக வந்ததா என்று தானே சோதித்தும் கொள்ளும்.

ஆறு கணினிகளிலும் போடாதீர்கள். உங்கள் லேப்டாப்பில் மட்டும் போடுங்கள். கிவிக்ஸ் டெஸ்க்டாப்பின் மெனுவில் உள்ளூர் சர்வர் என்று ஒன்று இருக்கும். அதைத் தொடங்கினால் லேப்டாப்பே ஒரு சிறு இணையதளமாகிவிடும். மற்றக் கணினிகளில் எதையும் நிறுவத் தேவையில்லை, பிரவுசர் இருந்தால் போதும். லேப்டாப்பைச் சர்வராக வைப்பதில் இன்னொரு லாபம், அதற்குப் பேட்டரி இருக்கிறது. மலையில் மின்சாரம் கண்ணைச் சிமிட்டினாலும் அது விழாது. கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் பாருங்கள்.

இணைப்புக்கு எட்டு போர்ட் உள்ள ஸ்விட்ச் ஒன்று, அறையின் நீளத்துக்குக் கேபிள். யாராவது பழைய வைஃபை ரவுட்டரைக் கொடுத்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இணையக் கேபிள் செருகும் போர்ட்டை வெறுமனே விட்டுவிட்டு, மற்றவற்றில் கணினிகளைச் செருகுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் ரவுட்டர் எல்லாக் கணினிகளுக்கும் முகவரி பிரித்துக் கொடுக்கும். உங்கள் லேப்டாப்புக்கு மட்டும் முகவரி மாறாதபடி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒதுக்கி வையுங்கள், 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். பிறகு எல்லாக் கணினிகளின் பிரவுசரிலும் 192.168.1.10:8080 என்பதை முகப்புப் பக்கமாக்கிவிடுங்கள். பிள்ளைகளைக் கையால் தட்டச் சொன்னால் ஒரு புள்ளியை விடுவார்கள், உடனே பிரவுசர் அதைக் கூகுளில் தேடப்போய் "இணையம் இல்லை" என்று டைனோசரைக் காட்டும்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் போன இடங்களில் எல்லாம் முதல் நாள் வேலை நின்றது இங்கேதான். எல்லாம் சரியாக இருக்கும், லேப்டாப்பில் பக்கம் திறக்கும், மற்ற எந்தக் கணினியிலும் திறக்காது. கேபிளைக் கழற்றி மாட்டுவார்கள், ஸ்விட்சைத் திட்டுவார்கள். காரணம் விண்டோஸ் ஃபயர்வால். வெளியே போக வழியில்லாத நெட்வொர்க்கைப் பார்த்தால் விண்டோஸ் அதை "அடையாளம் தெரியாத நெட்வொர்க்" என்று எழுதிக்கொண்டு, ரயில் நிலைய வைஃபை ரகத்தில், அதாவது பொது நெட்வொர்க்காகச் சேர்த்துவிடும். பொது நெட்வொர்க்கிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் திறக்காது. கிவிக்ஸ் சர்வரை முதல்முறை தொடங்கும்போது ஃபயர்வால் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கும். அதில் தனியார் நெட்வொர்க், பொது நெட்வொர்க் இரண்டையும் டிக் செய்யுங்கள். அவசரத்தில் மூடிவிட்டால் மறுபடி அது கேட்காது, கன்ட்ரோல் பேனலுக்குள் போய் ஃபயர்வாலில் கிவிக்ஸைத் தேடி அனுமதிக்க வேண்டும். பொள்ளாச்சிக்குப் போவதற்கு முன் சர்வரை நிறுத்திவிட்டால் அந்த அனுமதியால் பாதகம் இல்லை. லேப்டாப் தூங்கப் போகாதபடி பவர் அமைப்பையும் மாற்றுங்கள். அது தூங்கினால் வகுப்பு மொத்தமும் நின்றுவிடும்.

விண்டோஸ் 7-இல் புதிய பிரவுசர் ஏறாது. குரோம் என்றால் 109தான் கடைசி. ஃபயர்ஃபாக்ஸில் 115 நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஏறும், இரண்டு ஜிபியில் அதுவே மேல். தமிழ் எழுத்துரு விண்டோஸ் 7-இலேயே இருக்கிறது. எங்காவது எக்ஸ்பி கணினியும் வந்து சேர்ந்தால் எச்சரிக்கை, அதில் இந்திய மொழிகளுக்கான வசதியைத் தனியாக நிறுவாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

பென் டிரைவ் வாங்கினால் முதலில் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். கடையில் வருவது சில சமயம் ஃபேட்32-ஆக இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. ஐம்பது ஜிபி காலியாக இருக்கும்போதே "கோப்பு மிகப் பெரியது" என்று சொல்லும்.

விக்கியில் இல்லாத பக்கங்களுக்கு சிங்கிள்ஃபைல் என்ற பிரவுசர் நீட்சி. நீங்கள் "சேமி" கொடுத்துப் பட்ட பாடு இதில் இல்லை. பக்கம் முழுவதும் திறந்து முடிந்த பிறகு, திரையில் தெரிவதைப் படங்கள் உட்பட ஒரே கோப்பாக்கிவிடும். "மேலும் படிக்க" இருந்தால் முதலில் அதை அழுத்தித் திறந்துவிட்டுச் சேமியுங்கள். அறிவியலுக்கு பெட் பாவனைகள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், இருக்கின்றன, கொலராடோ பல்கலைக்கழகத்தார் செய்தவை. மின்சுற்று, ஊசல், ஒளிவிலகல் என்று ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக டவுன்லோடு ஆகும், இணையம் இல்லாமல் ஓடும். சில தமிழிலும் உண்டு. ஒரு தளத்தையே மொத்தமாக அள்ள வேண்டுமென்றால் கிவிக்ஸ்காரர்களின் ஜிமிட் இருக்கிறது. முகவரியைக் கொடுத்தால் ஜிம் கோப்பாகக் கட்டித் தரும், இலவசச் சேவைக்கு அளவு வரம்பு உண்டு. எச்டிடிராக்கும் இருக்கிறது, இன்றைய தளங்களில் அது பாதியில் திணறுகிறது.

இந்தத் தனிக் கோப்புகளைப் பகிர ஃபோல்டர் ஷேரிங் போடாதீர்கள். உங்கள் புதிய விண்டோஸும் அந்தப் பழைய விண்டோஸ் 7-உம் பாஸ்வேர்டு கேட்டு மல்லுக்கட்டும். அப்படியே திறந்தாலும் யாராவது ஒரு பையன் ஃபோல்டரையே அழிப்பான். லேப்டாப்பில் பைதான் என்ற நிரல்மொழி இருந்தால் அதற்குள்ளேயே ஒரு சின்ன வெப் சர்வர் வருகிறது. ஃபோல்டரைச் சுட்டி, 8000 என்ற போர்ட்டில் (கிவிக்ஸுக்கு 8080 போல, முகவரிக்குப் பின்னால் வரும் எண்) ஓட விடுங்கள். பார்க்க மட்டும்தான் முடியும், அழிக்க முடியாது. வகுப்புக் கணினிகளில் பென் டிரைவ் செருகுவதையே நிறுத்திவிடலாம். ஃபோல்டர்களை எல்லாம் ஷார்ட்கட் ஆக்கும் வைரஸ் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

நல்லூர் வீதி

கேபிள்காரி அக்கா சொன்னதோடு இரண்டு விடயங்கள் சேர்க்கிறேன். கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியாவோடு நின்றுவிடாதீர்கள், தமிழ் விக்சனரியும் கிடைக்கிறது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன, பெரும்பாலானவற்றுக்கு ஆங்கிலத்திலிருந்து தமிழ். பாடநூலில் கலைச்சொல் வந்து முட்டும்போது பிள்ளைகளுக்கு அகராதிதான் முதலில் தேவைப்படும். விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஏராளம். ஈழத்துப் புத்தகங்கள், பழைய சிறுவர் சஞ்சிகைகள் வேண்டுமானால் நூலகம் என்ற இணையத் தளத்தில் பிடிஎஃப் ஆகவே இறக்கலாம். பிடிஎஃப் என்றால் இந்தத் தலையிடி ஒன்றுமே இல்லை, அப்படியே கொண்டுபோய் வையுங்கள்.

தட்டச்சுக்கு விண்டோஸ் 7-இல் இ-கலப்பை நிறுவுங்கள். தேடத் தெரிந்தும் தட்டத் தெரியாமல் பிள்ளைகள் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

குளக்கரை ஐயாவுக்கு ஒன்று. கியூபாவில் இணையம் அரிதாகவும் விலையாகவும் இருந்த காலத்தில், வாரா வாரம் ஒரு டெராபைட் அளவுக்குப் படங்கள், தொடர்கள், செயலிகள், இணையப் பக்கங்கள் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் நிரப்பி வீடு வீடாக விற்றார்கள். வாரப் பொதி என்றே அதற்குப் பெயர். நாடு முழுக்க அப்படித்தான் பார்த்தது. ஆகவே டீச்சர் செய்வது ஒன்றும் விசித்திரம் இல்லை.

மலைப்பள்ளி

கேபிள்காரி, உங்களுக்கு எங்கள் எஸ்டேட்டிலிருந்து ஒரு கிலோ தேயிலை கடன்பட்டிருக்கிறேன். நன்றி எல்லாருக்கும்.

ஓடுகிறது. நீங்கள் சொன்ன இடத்திலேயேதான் நின்றது, "அடையாளம் தெரியாத நெட்வொர்க்" என்று எழுத்துப் பிசகாமல். பொது நெட்வொர்க்கையும் டிக் செய்ததும் ஆறு திரைகளிலும் ஒரே நேரத்தில் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. முதலில் தேடப்பட்டது யானை. இரண்டாவது விஜய். மூன்றாவதாக ஒரு பையன் எங்கள் எஸ்டேட்டின் பெயரைத் தட்டினான், அதற்குக் கட்டுரை இல்லை. இருக்கிற வால்பாறைக் கட்டுரையைப் படித்துவிட்டு "இதில் நம் ஆற்றைப் பற்றி எழுதவில்லையே" என்று கோபித்துக்கொண்டான்.

பெரியவர் சொன்ன அந்தப் பழைய மென்பொருள், இல்லாததைக் குறித்து வைத்துக்கொள்ளும் என்றாரே, அது மனத்தில் நின்றுவிட்டது. ஒரு நோட்டை நூலில் கட்டி மேசையில் தொங்க விட்டிருக்கிறேன். தேடிக் கிடைக்காததை அதில் எழுத வேண்டும், நான் பொள்ளாச்சியிலிருந்து கொண்டு வருவேன். முதல் பக்கத்தில் இருப்பவை: இருவாச்சி கூட்டுக்குள் பெண் பறவையை ஏன் அடைத்து வைக்கிறது, வெல்டிங் படிக்க ஐடிஐ எங்கே, அட்டை கடித்தால் ஏன் வலிப்பதில்லை, சோலைமந்தி வாலில் ஏன் குஞ்சம். ஒரு கேள்விக்கு எதிரே இன்னொருத்தி பென்சிலால் பதிலே எழுதிவிட்டாள், அதுவும் சரியாக. அவளுடைய அப்பா வனத்துறையில் வாட்சர்.

இரண்டு சிக்கல்கள் பாக்கி. ஐடிஐ விண்ணப்பப் பக்கத்தை சிங்கிள்ஃபைலில் எடுத்து வந்து வைத்தேன். அதில் கடைசித் தேதி இருக்கிறது. நாளைக்கு அந்தத் தேதியை நீட்டித்தால் இங்கே பழையதுதான் நிற்கும், ஒரு பிள்ளை அதை நம்பி விட்டுவிடக்கூடும். இதற்கு என்ன செய்வது? இன்னொன்று, பெற்றோர் சிலர் தங்கள் செல்போனில் ரவுட்டரின் வைஃபையைப் பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். இணைகிறது, ஒரு நிமிடத்தில் விட்டுவிடுகிறது.

கேபிள்காரி

செல்போனை முதலில் முடித்துவிடுகிறேன். ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் இணைந்ததும் இணையம் இருக்கிறதா என்று தானே ஒருமுறை தட்டிப் பார்க்கும். இல்லையென்றால் "இந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை, இருந்தாலும் இணைந்திருக்கவா?" என்று மேலே ஓர் அறிவிப்பு விடும். யாரும் பார்ப்பதில்லை. அதைத் தொட்டு ஆம் என்று கொடுத்து, மறுபடி கேட்காதே என்பதையும் டிக் செய்யச் சொல்லுங்கள். அப்போதும் அடம்பிடிக்கிற போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். உங்கள் ஊரில் அதனால் இழப்பு ஒன்றும் இல்லையே.

தேதிதான் பெரிய விஷயம். ஜிம் கோப்பின் பெயரின் கடைசியில் எந்த வருடம், எந்த மாதம் கட்டியது என்று இருக்கும், அதைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வையுங்கள். புதியது வந்தால் பழையதை அழித்துவிட்டு முழுக் கோப்பையும் மாற்ற வேண்டும், மாறியதை மட்டும் இறக்க வழி இல்லை. தமிழுக்கு அது பெரிய சுமை அல்ல.

சிங்கிள்ஃபைல் சேமித்த கோப்புக்குள் எந்த முகவரியிலிருந்து, எப்போது எடுத்தது என்ற குறிப்பு இருக்கிறது, ஆனால் திரையில் பளிச்சென்று தெரியாது. நான் கோப்பின் பெயரிலேயே தேதியை முன்னால் வைத்துவிடுவேன். விண்ணப்பம், தேர்வு, உதவித்தொகை, மருந்து ஆகிய நான்கையும் ஒரு தனி ஃபோல்டரில் வையுங்கள். ஒவ்வொரு முறை பொள்ளாச்சிக்குப் போகும்போதும் அந்த ஃபோல்டரை மட்டும் முழுவதும் புதிதாக எடுங்கள், எடுக்க முடியாத வாரம் அதை மறைத்துவிடுங்கள். ஐடிஐ பக்கத்தில் அலுவலகத் தொலைபேசி எண் இருக்குமே, அதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, கடைசித் தேதியைப் போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். கோயில் திட்டில் பகலில் பேசலாம் அல்லவா?

தேயிலை டஸ்ட் வேண்டாம், இலைத்தூளாக இருக்கட்டும்.

பழைய மோடம்

டீச்சரம்மா, அந்தப் பையனிடம் சொல்லுங்கள், ஆற்றைப் பற்றி அவனையே எழுதச் சொல்லி. விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அவன் நோட்டில் எழுதியதை நீங்கள் பொள்ளாச்சியில் சேர்த்துவிட்டால், அடுத்த ஜிம் கட்டும்போது மலைக்கு வந்து சேரும். ஆற்றின் பெயர், எங்கே தொடங்குகிறது, எந்த அணைக்குப் போகிறது என்பதற்கு வெளியிடப்பட்ட, நம்பகமான ஆதாரம் ஒன்று கேட்பார்கள். பொதுப்பணித்துறை வெளியீடு ஏதாவது பொள்ளாச்சி நூலகத்தில் இருக்கும், பாருங்கள்.